தட்டைத் திருப்புகிறவன்

ஜனவரி 21, புதன்

விளாத்திகுளம் பக்கத்து உளுந்து வரத்து ஆரம்பித்துவிட்டது. பேட்டைக்கு இன்று மட்டும் நானூறு மூட்டை. போன வருடத்தைவிடக் கனம். பதினைந்து வயதில் இதே பேட்டையில் மூட்டை தூக்க வந்தேன். இருபது வருடம் தூக்கினேன். இருபத்தாறு வருடமாக வாங்கி விற்கிறேன். ஒரு கை உளுந்தைப் பார்த்தால் எந்த ஊர் மண் என்று சொல்லிவிடுவேன். அதைத்தவிர எனக்கு வேறு படிப்பு கிடையாது.

காலையிலிருந்து தலை பாரம். பிரஷர் மாத்திரை போட்டாச்சா என்று வீட்டுக்காரி ராஜக்கனி கேட்டாள். போட்டாயிற்று என்றேன். தீபாவளியிலிருந்து போடுவதில்லை. நன்றாக இருக்கிறவன் எதற்கு மாத்திரை போடவேண்டும்?

நாளை பூவலிங்கத்திடம் வாங்கிய ஐம்பத்திரண்டு மூட்டை எடை.

ஜனவரி 25, ஞாயிறு. மதுரை, ஆஸ்பத்திரி

மூன்று நாள் எழுதவில்லை. ராஜக்கனியிடம் சொல்லி டைரியை வீட்டிலிருந்து வரவழைத்தேன்.

எனக்கு ஒன்றுமில்லை. அதை முதலில் எழுதிவிடுகிறேன். பக்கவாதம் என்கிறார்கள். மூளையின் வலது பக்கத்துக்குப் போகிற ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டதாம். அதனால் இடது கையும் காலும் விழுந்துவிட்டதாம். எனக்கு அப்படித் தெரியவில்லை. கட்டிலுக்குக் கம்பி போட்டு வைத்திருப்பதால் சும்மா கிடக்கிறேன். எடுத்துவிட்டால் எழுந்து நடப்பேன்.

வியாழக்கிழமை நடந்தது இவ்வளவுதான். பூவலிங்கத்தின் மூட்டைகள் தராசில் ஏறிக்கொண்டிருந்தன. வாங்கினவன் கடைசி மூட்டை ஏறும்வரை நிற்க வேண்டும். எங்கள் பேட்டை வழக்கம். நடுவில் நகர்ந்தால் வாங்கியதில் மனசில்லை என்று அர்த்தம். மூட்டைக்கு ஒரு கோடாகத் தாளில் போட்டுக்கொண்டே நின்றேன். "அண்ணாச்சி, வாய் ஒரு மாதிரி கோணுதே" என்று பூவலிங்கம் சொன்னாராம். அவரைத் திட்டிவிட்டு நின்றேனாம். ஐம்பத்திரண்டாவது மூட்டை ஏறிய பிறகுதான் உட்கார்ந்தேன். விழுந்தேன் என்கிறார்கள். உட்கார்ந்தேன்.

சுகர் இறங்கிவிட்டது, சோடா கொடுங்கள் என்று யாரோ கத்தி, யாரோ உடைத்து வாயில் ஊற்றினார்களாம். லோடுமேன்களுக்குத் தலைவன் சங்கிலி பாட்டிலைத் தட்டிவிட்டானாம். சங்கிலி என்னோடு மூட்டை தூக்கியவன். இன்றைக்கும் என்னை அண்ணே என்பானே தவிர முதலாளி என்று சொல்ல மாட்டான்.

"ஊத்துறது பூராம் ஒரு பக்கமா வழியுது, கண்ணு தெரியலையாடா? நெஞ்சுக்குள்ள இறங்குனா அதோட போச்சு. எங்க அக்காவுக்கு இப்படித்தான் வந்துச்சு. அண்ணே, எங்கே, ரெண்டு கையையும் தூக்குங்க!"

நான் வலது கையை மட்டும் தூக்கிக்கொண்டு, "ரெண்டையும் தூக்கிட்டேன், போதுமாடா?" என்று அதட்டினேனாம். அதற்குமேல் அவன் என்னோடு பேசவில்லை. 108-க்குப் போன் போட்டுவிட்டான்.

இங்கே ஸ்கேன் எடுத்து, ரத்தக்கசிவு இல்லை, அடைப்புதான் என்று பார்த்துவிட்டு டாக்டரம்மா கேட்ட முதல் கேள்வி, கடைசியாக நான் நன்றாக இருந்தது எத்தனை மணிக்கு என்பது. நாலரை மணி நேரத்துக்குள் என்றால் ரத்தக்கட்டியைக் கரைக்கிற ஊசி போடலாமாம். தாண்டிவிட்டால் அந்த ஊசியே மூளைக்குள் ரத்தத்தைக் கசியவிட்டுவிடுமாம். "காலையில கடைக்குப் போறப்ப நல்லாத்தான் போனாக" என்றிருக்கிறாள் ராஜக்கனி. நான் கடைக்குப் போவது ஆறு மணிக்கு. அந்தக் கணக்குப்படி ஊசி இல்லை.

சங்கிலி மடியிலிருந்து என்னுடைய கோடு போட்ட தாளையும், தராசு மெஷின் துப்பிய சீட்டுகளையும் எடுத்து மேஜையில் போட்டானாம். "டாக்டரம்மா, முப்பத்தாறு மூட்டை வரைக்கும் அண்ணன் போட்ட கோடு தாள் பூராம் வந்திருக்கு. முப்பத்தேழுல இருந்து பாருங்க. எல்லாம் வலது ஓரத்துல ஒண்ணுமேல ஒண்ணு விழுந்து கெடக்கு. அந்த மூட்டைச் சீட்டுல மணி பத்து இருபத்திரெண்டுன்னு இருக்கு."

அப்போது மணி பன்னிரண்டு ஐம்பத்தைந்து. ஊசி போட்டுவிட்டார்கள்.

மெஷின் எண்ணுகிறபோது உங்களுக்கு எதற்கு அத்தான் கோடு என்று கனகவேல் எப்போதும் கேலி செய்வான். கனகவேல் ராஜக்கனியின் தம்பி. கடையில் எனக்குக் கூட்டாளி. எங்களுக்குப் பிள்ளை இல்லை. இனிமேல் கேலி செய்ய மாட்டான் என்று நினைக்கிறேன்.

இந்த டைரியைப் பற்றி ஒன்று. முதல் இருபது பக்கம் ஒழுங்காக இருந்தது. இங்கே வந்ததிலிருந்து பக்கம் பாதியாகச் சுருங்கிவிட்டது. ஒரு வரிக்கு மூன்று வார்த்தை பிடிக்கவில்லை. மட்டமான பைண்டிங். அடுத்த வருடம் வேறு கம்பெனி.

ஜனவரி 26, திங்கள்

குடியரசு தினம் என்று எல்லோருக்கும் லட்டு கொடுத்தார்கள். எனக்கு மட்டும் முதலில் பரீட்சை. ஸ்பூனில் தண்ணீர் கொடுத்து, விழுங்கச் சொல்லி, தொண்டையில் விரல் வைத்துப் பார்த்து, பேசச் சொல்லி, இருமுகிறேனா என்று காத்திருந்தார்கள். வெள்ளிக்கிழமை வைத்த பரீட்சையில் தேறவில்லை என்று மூக்கில் குழாய் போட்டிருந்தார்கள். இன்று தேறிவிட்டேன். குழாயை எடுத்தார்கள். லட்டு கிடையாது, கெட்டியான கஞ்சிதான்.

ராத்திரி யாரோ ஒருவனுடைய கை என் படுக்கையில் கிடந்தது. கனமாக, சில்லென்று. நர்ஸைக் கூப்பிட்டு இதை எடுத்துப் போகச் சொன்னேன். "அது உங்க கைதான் அப்பா" என்றாள். என் கையில் கல்யாண மோதிரம் உண்டு என்றேன். அந்தக் கையிலும் மோதிரம் இருந்தது. யாரோ மாட்டிவிட்டிருக்கிறார்கள்.

இதை ராஜக்கனியிடம் சொன்னேன். சிரிப்பாள் என்று பார்த்தேன். வெளியே போய்விட்டாள்.

ஜனவரி 28, புதன்

பெனிட்டா என்றொரு பெண் வந்தாள். நாகர்கோவில்காரி. கை கால் பயிற்சி ஒருத்தர் கொடுக்கிறார். இவள் வேறு வேலை. பார்க்கிறது, எழுதுகிறது, சாப்பிடுகிறது, சட்டை போடுகிறது எல்லாம் மறுபடி பழக்குகிறவளாம். எடுத்தவுடன் அப்பா என்றாள். எனக்குப் பெண் கிடையாது என்றேன். "பரவாயில்ல, எனக்கு ரெண்டு அப்பா" என்றாள். வாய் உண்டு.

ஒரு தாள் நிறையச் சின்னச் சின்னக் கோடு. எல்லாவற்றையும் குறுக்கே அடிக்கச் சொன்னாள். அடித்தேன்.

"முடிஞ்சுதாப்பா?"

"ஒண்ணு விடலை."

"இருபத்திரெண்டு விட்டிருக்கீங்க."

தாளை நகர்த்திக் காட்டினாள். இருபத்திரண்டு கோடு இருந்தது. நான் கொடுத்தபிறகு வரைந்திருக்கிறாள். வியாபாரத்தில் இந்த மாதிரி எத்தனை பேரைப் பார்த்திருக்கிறேன். பிறகு கடிகாரம் வரையச் சொன்னாள். வரைந்தேன். பன்னிரண்டு எண்ணும் இருக்கிறது, அவளே எண்ணிக்கொண்டாள். அப்படியும், எல்லாம் வலது பக்கமே கிடக்கிறதே என்று முகத்தைச் சுளித்தாள். கண்ணை மூடச் சொல்லி, எந்தக் கையைத் தொடுகிறேன் என்று கேட்டாள். வலது என்றேன். ரெண்டையும் சேர்த்துத்தான் தொட்டேன் என்கிறாள். அவள் சொல்வதை யார் பார்த்தது? என் கண் மூடியிருந்ததே.

ஜனவரி 31, சனி

டாக்டரம்மா எப்போதும் மறைவாக நின்றுகொண்டே பேசுகிறார். குரல் கேட்கிறது, ஆளைக் காணோம். படித்தவர்கள் நேராக வந்து நின்று பேசினால் என்ன?

பிப்ரவரி 4, புதன். வீடு

கோல் ஊன்றி நடக்கிறேன். நடக்க மாட்டான் என்றவர்கள் வந்து பார்க்கலாம். கால் கொஞ்சம் இழுக்கிறது. கதவு நிலையில் தோள் இடிக்கிறது, அதுவும் அதே தோள்தான். இந்த வீட்டைக் கட்டிய கொத்தனார் நிலையைக் குறுக்கிவிட்டான்.

மாத்திரை காலையில் நாலு, இரவில் மூன்று. ரத்தம் உறையாமல் இருக்க ஒன்று, கொழுப்புக்கு ஒன்று, பிரஷருக்கு இரண்டு, மற்றதெல்லாம் எதற்கோ. ராஜக்கனி பக்கத்தில் நின்று வாயைத் திறந்து காட்டச் சொல்கிறாள். கல்யாணமாகி முப்பத்தைந்து வருடத்தில் இப்படி ஒரு அதிகாரம் அவளுக்கு வந்ததில்லை, அனுபவிக்கிறாள்.

ஆனால் சாப்பாட்டில் கை வைத்துவிட்டாள். காலையில் இரண்டே இட்லி. போதவில்லை என்றேன். "தட்டுல இன்னும் ரெண்டு இருக்குல்லா?" என்றாள். பார்த்தால் இருக்கிறது. நான் கேட்டபிறகு வைத்துவிட்டு முதலிலேயே வைத்ததாகச் சொல்கிறாள். நேற்றும் இதே கதை.

மாலையில் அவளுடைய பெரியம்மா மகன் கூடையில் இரண்டு புறாவோடு வந்தான். புறா ரத்தத்தைச் சூட்டோடு தேய்த்தால் விழுந்த கை எழுந்துவிடுமாம்.

"கை விழுந்தது எனக்கு. அதுக எதுக்குலே சாகணும்?" என்றேன்.

"அத்தான், நம்ம பக்கத்துத் தெருவுல ஒருத்தருக்கு..."

"அந்த ஆளைக் கூட்டிட்டு வா, பாக்கலாம்."

கூட்டிவர முடியாது, அந்த ஆள் செத்து ஆறு மாதமாம். புறா இரண்டும் கூடையோடு திரும்பிப் போயின.

கனகவேல்தான் கொள்முதல் செய்கிறான். வாங்கி வந்த உளுந்தைக் கொண்டுவந்து காட்டச் சொன்னேன். "ரெஸ்ட் எடுங்க அத்தான்" என்று போய்விட்டான். இந்த வரத்து இன்னும் முப்பது நாள். அதற்குள் பேட்டையில் நான் நிற்கவில்லையென்றால், அடுத்த வருடம் என் பெயர் பலகையில் மட்டும்தான் இருக்கும்.

பிப்ரவரி 12, வியாழன்

போய்விட்டேன்!

ராஜக்கனி கோயிலுக்குப் போன நேரம் பார்த்து சங்கிலியின் லோடு ஆட்டோவில் ஏறிப் பேட்டைக்குப் போனேன். சங்கிலி முனகிக்கொண்டேதான் ஓட்டினான். வியாபாரிகள் எல்லோரும் எழுந்து நின்றார்கள். பூவலிங்கம் கையைப் பிடித்துக்கொண்டார்.

முப்பது மூட்டை வைத்திருந்தார். முறைப்படி தட்டு வந்தது. இதையும் எழுதி வைக்கிறேன்: எங்கள் பேட்டையில் விற்கிறவர் சாம்பிளைத் தட்டில் கொட்டி, மூன்று தடவை குலுக்கி, வாங்குகிறவர் முன்னால் வைப்பார். குலுக்கினால் சொத்தையும் பதரும் கனமில்லாமல் ஒரு ஓரமாக ஒதுங்கும். ஒதுங்கினது எவ்வளவு என்று பார்த்து விலை சொல்ல வேண்டும். வாங்குகிறவர் தட்டில் கைவைக்கலாம், அள்ளலாம், கடித்துப் பார்க்கலாம். தட்டைத் திருப்பக் கூடாது. திருப்பினால், "நீ எதையோ எனக்கு மறைக்கிற பக்கமாக வைத்திருக்கிறாய்" என்று விற்கிறவரைச் சொன்னதாக அர்த்தம். இதற்காக அடிதடியாகி, பத்து வருடம் முகம் பாராமல் இருந்தவர்கள் உண்டு.

பார்த்தேன். சுத்தமான உளுந்து, ஒரு சொத்தை இல்லை. நல்ல விலை சொன்னேன். பூவலிங்கம் ஒரு நிமிஷம் என்னையே பார்த்தார். பிறகு சரி என்றார். அப்படிப் பார்த்தார் என்றால் விலை கூடிவிட்டது என்று அர்த்தம். பரவாயில்லை, திரும்பி வந்த நாள்.

முப்பது மூட்டையும் எடை ஏறும்வரை நின்றேன்.

பிப்ரவரி 13, வெள்ளி

கனகவேல் வந்தான். பின்னாலேயே ஒரு முறம் நிறைய உளுந்தோடு கடை ஆள். முறத்தில் வண்டு ஊர்ந்துகொண்டிருந்தது.

"அத்தான், நேத்து நீங்க வாங்குன முப்பதும் இப்படித்தான் இருக்கு."

மூட்டையை மாற்றிவிட்டான், கூப்பிடு பூவலிங்கத்தை என்று கத்தினேன். கத்தக் கூடாது, பிரஷர் ஏறும் என்று ராஜக்கனி பதிலுக்குக் கத்தினாள். பூவலிங்கத்தைக் கூப்பிட வேண்டியிருக்கவில்லை, அவரே வந்தார். கையில் நேற்றைய சாம்பிள் பை. பேரம் முடிந்ததும் தட்டில் இருந்ததை அப்படியே பையில் போட்டு இரண்டு பேரும் கையெழுத்திட்டுக் கட்டி வைப்போம். என் கையெழுத்து, என் முடிச்சு.

"அண்ணாச்சி, இந்த வயசுல உங்ககிட்ட நான் களவாணித்தனம் பண்ணுவேனா? தட்டுல இருந்தது இதுதான். பாத்துட்டுத்தான சரின்னீக. இவ்வளவு சொத்தைக்கு இந்த விலையான்னு நானே முழிச்சேன். ஆஸ்பத்திரியில இருந்து வந்த மனுசன் சந்தோசத்துல சொல்லுதாருன்னு நெனச்சேன்."

சாப்பாட்டுத் தட்டில் பையைக் கொட்டிக் குலுக்கி என் முன்னால் வைத்தார். பார்த்தேன். சுத்தமாக இருந்தது.

"எங்கேய்யா சொத்தை?"

கனகவேல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். ராஜக்கனிக்குப் பேட்டை வழக்கம் தெரியாது. அவள் கையை நீட்டி, தட்டைப் பிடித்து, பாதி வட்டம் திருப்பினாள்.

வண்டும் பதரும் பொக்கு உளுந்துமாக என் கண்முன்னால் வந்து நின்றது. எங்கிருந்தோ வந்தது. இல்லாத இடத்திலிருந்து வந்தது.

பூவலிங்கம் பாதி மூட்டைகளைத் திருப்பி எடுத்துக்கொள்கிறேன் என்றார். வேண்டாம் என்றேன். பார்த்துச் சொன்னது நான்.

பிப்ரவரி 14, சனி

காலையில் இட்லித் தட்டைத் திருப்பினேன். இன்னும் இரண்டு இருந்தன.

பிப்ரவரி 16, திங்கள். மதுரை

பெனிட்டாவிடம் நானே கேட்டேன். கூச்சப்பட்டு ஆகப்போவது ஒன்றுமில்லை.

"உங்க கண்ணு நல்லா இருக்குப்பா. இடது பக்கம்னு ஒண்ணு இருக்குன்னு உங்ககிட்ட சொல்ற ஆளு தலைக்குள்ள லீவு போட்டிருக்கான். அவன் சொல்லாததால, அங்க ஒண்ணு கொறையுதுன்னுகூட உங்களுக்குத் தோணல."

"எப்ப வேலைக்கு வருவான்?"

"நிறைய பேருக்கு மெதுவா வருவான். எல்லாருக்கும் முழுசா வரமாட்டான். அதுவரைக்கும் அவன் வேலையை நீங்க பாக்கணும்."

டைரியை வாங்கி ஒவ்வொரு பக்கத்திலும் இடது ஓரத்தில் சிவப்பு டேப் ஒட்டினாள். சிவப்பு கண்ணில் படும்வரை தலையைத் திருப்பிவிட்டுத்தான் எழுத ஆரம்பிக்க வேண்டுமாம். இந்த வரிகளை அப்படித்தான் எழுதுகிறேன். பக்கம் பழையபடி அகலமாக இருக்கிறது. பைண்டிங் கம்பெனிக்குத் திட்டி ஒரு கடிதம் எழுதி வைத்திருந்தேன், கிழித்துப் போட்டேன்.

தட்டைத் திருப்புவதைச் சொன்னேன். கையைத் தட்டினாள். "சூப்பர்ப்பா! இதை நான் சொல்லித் தரணும்னு இருந்தேன்." சொல்லித் தருவது சுலபம். அவள் பேட்டையில் நின்றதில்லை.

திரும்பி வரும் வழியில் ராஜக்கனியிடம் உண்மையைச் சொன்னேன். தீபாவளியிலிருந்து மாத்திரை போடவில்லை என்று.

"தெரியும்" என்றாள்.

"தெரியுமா?"

"டப்பா கனம் எனக்குத் தெரியாதா? கேட்டா கத்துவீக. அதான் அன்னையில இருந்து கொழம்புல பாதி உப்பு. நீங்களும் நாக்கு செத்துப்போச்சுன்னு திட்டிக்கிட்டே தின்னீக." ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "கத்துனாலும் பரவால்லன்னு கேட்டிருக்கணும்."

நான்தான் அதைச் சொல்லியிருக்க வேண்டும்.

பிப்ரவரி 20, வெள்ளி

கனகவேல் முறையாகவே பேச வந்தான். நல்ல சட்டை போட்டு வந்திருந்தான், அதிலேயே தெரிந்துவிட்டது.

"அத்தான், நீங்க கடையில உக்காருங்க. பேரு உங்க பேருதான். கொள்முதலை நான் பாத்துக்கிடுதேன்."

"எனக்குத் தெரிஞ்சதே அது ஒண்ணுதான்டா. அதை நீ பாத்துக்கிட்டா நான் உக்காந்து என்ன பண்ண? வாரவங்களுக்கு டீ சொல்லவா?"

"தட்டைத் திருப்பப் போறீங்கன்னு அக்கா சொல்லுதா. திருப்புனா ஒரு பய நமக்குச் சரக்கு தரமாட்டான். உங்களுக்கு முடியலைங்கறது வேற, ஊரைத் திருடன்னு சொல்லுறது வேற. நாளைக்கு அங்க நிக்கப் போறவன் நான்."

அவன் சொன்னதில் தப்பில்லை. அதனால்தான் கோபம் அதிகமாக வந்தது. அடக்கிக்கொண்டேன். வியாபாரமாகப் பேசினேன்.

"ஒரு நாள் குடு. நான் திருப்பிப் பாத்து வாங்குறேன். அந்தச் சரக்குல நான் சொல்லாத கோளாறு ஒண்ணு இருந்தாலும், அன்னையில இருந்து கடையில உக்காந்துக்கிடுதேன். டீயும் சொல்லுதேன்."

"யாரும் தட்டே தரலைன்னா?"

"அப்பவும் உக்காந்துக்கிடுதேன்."

கையை நீட்டினான். நான் நீட்டியது இடது கையை. முழங்கை வரைதான் எழுந்தது. கனகவேல் குனிந்து அதைப் பிடித்துக்கொண்டான்.

பிப்ரவரி 26, வியாழன்

தினமும் ஒரு தட்டு. ராஜக்கனி நல்ல உளுந்தில் பத்து சொத்தையை எண்ணிக் கலந்து வைக்கிறாள். நான் தட்டைக் கால் வட்டமாக நாலு தடவை திருப்பிப் பொறுக்க வேண்டும். திங்கள் ஆறு. செவ்வாய் ஏழு. நேற்று ஒன்பது. இன்று பத்து.

பதினொன்று இருக்கிறது என்று நானாகச் சொன்னேன். அவள் பத்துதான் போட்டேன் என்றாள். எண்ணினோம். பதினொன்று. நல்ல உளுந்திலேயே ஒன்று கிடந்திருக்கிறது. ராஜக்கனி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். மிளகாய் வறுத்த நெடி என்றாள். அடுப்பு பற்றவைக்கவில்லை.

மார்ச் 2, திங்கள்

கைவலி. ஆனால் இன்றைக்கே எழுதிவிட வேண்டும்.

ஏழு மணிக்குப் பேட்டை. கனகவேல் காரில் கூட்டிப் போனான். எட்டு பேர் சரக்கு வைத்திருந்தார்கள். முதலில் பூவலிங்கத்திடம் போனேன். ஆரம்பித்தால் பெரிய இடத்தில் ஆரம்பிக்க வேண்டும். அவர் கொட்டினார், குலுக்கினார், வைத்தார். சுற்றி இருபது பேர் இருக்கும்.

எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னேன். "எனக்கு இடது பக்கம் தெரியாது. கண்ணு நல்லா இருக்கு, மூளையில ஒரு பக்கம் அடைச்சுப் போச்சு. அதனால தட்டைத் திருப்பித்தான் பாப்பேன். உங்க சரக்கு மேல சந்தேகம் இல்ல, என் தலை மேலதான் சந்தேகம். எனக்கு விக்கணும்னு இருக்கிறவுக தட்டைத் தரலாம்."

இதைச் சொல்ல நாலு நாள் பழகினேன். கடைசி வார்த்தை வருகிறபோது வாய் கொஞ்சம் கோணியது. ஒருத்தன் சிரித்தான். யார் என்று பார்த்து வைத்திருக்கிறேன்.

பூவலிங்கம் தட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். "அண்ணாச்சி, உங்க மேல எனக்கு வருத்தம் இல்ல. ஆனா எங்க அப்பா காலத்துல இருந்து எங்க தட்டை ஒருத்தரும் திருப்புனதில்ல. இன்னைக்கு உங்களுக்குன்னு விட்டா நாளைக்கு எல்லாவனும் திருப்புவான்." தட்டை எடுத்துப் பையில் கொட்டிக்கொண்டார்.

அடுத்தவர் நான் போவதற்கு முன்பே மூடிவிட்டார். மூன்றாமவர் சரக்கு விற்றாகிவிட்டது என்றார். மூட்டை பின்னாலேயே அடுக்கியிருந்தது. நாலு, ஐந்து, ஆறு, ஏழு. என் காலும் இழுக்க ஆரம்பித்தது. கனகவேல் சட்டையைப் பிடித்து, "போதும் அத்தான், போவோம்" என்றான். மெதுவாகத்தான் சொன்னான். அது எனக்கு ஏழு பேர் மறுத்ததைவிடச் சுருக்கென்றது.

எட்டாவது இடத்தில் ஒரு பெண். சீனியம்மாள், வேம்பார் பக்கத்துச் சம்சாரி, சொந்த நிலத்து விவசாயி. தரகர் வேண்டாம் என்று சொந்தமாக எட்டு மூட்டை ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறாள். இவள் தட்டைக்கூடக் குலுக்கத் தெரியாமல் குலுக்கினாள்.

"அம்மா, திருப்பிப் பாக்கலாமா? நான் சொன்னது கேட்டுச்சா?"

"கேட்டுச்சு. திருப்பிக்கோங்க. எனக்கென்ன, நாலு பக்கமும் என் உளுந்துதான்."

கோலைக் கனகவேலிடம் கொடுத்தேன். வலது கையால் தட்டைப் பிடித்துக் கால் வட்டம் திருப்பினேன். சுத்தம். இரண்டாவது திருப்பு. சுத்தம். மூன்றாவது திருப்பு. சுத்தம். நாலாவதில், விளிம்பை ஒட்டி, கறுப்புக்கு நடுவில் சாம்பல் பூத்த மாதிரி ஏழெட்டு உளுந்து. எடுத்துக் கடித்தேன். நறுக்கென்று உடையவில்லை.

"ஒரு மூட்டை மழையில நனைஞ்சிருக்கு."

சீனியம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "ஒண்ணே ஒண்ணுதான். ஓரமா நின்ன மூட்டை. காயப்போட்டுக் கலந்துட்டேன். காலையில இருந்து மூணு பேரு பாத்துட்டுப் போனாக, ஒருத்தருக்கும் தெரியல. நீங்க பாத்துட்டீகளே!"

"எந்த மூட்டை?"

"எல்லாத்துலயும் கொஞ்சம் கொஞ்சம்."

"விலை கொறையும்."

"கொறையும்னு தெரியும். எம்புட்டுன்னு சொல்லுங்க."

சொன்னேன். கொஞ்சம் ஏற்றச் சொன்னாள். கொஞ்சம் ஏற்றினேன். முடிந்தது. சங்கிலி ஆட்களைக் கூப்பிடாமல் முதல் மூட்டையைத் தானே தூக்கினான். எட்டும் தராசு ஏறும்வரை நின்றேன். கனகவேல் ஒரு ஸ்டூல் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தான். அது பாட்டுக்கு இருந்தது. பிறகு அவன் எட்டு மூட்டையையும் குத்தூசியால் குத்தி உளுந்தை உருவிப் பார்த்தான். நான் சொன்ன கோளாறு தவிர வேறில்லை. குத்தூசியைத் துடைத்து என்னிடம் கொடுத்தான்.

காருக்கு நடக்கும்போது பின்னால் எவனோ, "தட்டுத் திருப்பி அண்ணாச்சி போறாரு" என்றான். பேர் வைத்துவிட்டார்கள். இந்தப் பேட்டையில் ஒருவனுக்குப் பேர் வைத்துவிட்டால் அவனை அவ்வளவு சுலபமாக வெளியே அனுப்ப மாட்டார்கள்.

வண்டியில் ஏறியதும் கனகவேல் சாவியைப் போடாமல் உட்கார்ந்திருந்தான்.

"அத்தான், எட்டு மூட்டைதான் கிடைச்சிருக்கு. ஏழு பேரு தட்டை மூடிட்டாக."

"நாளைக்கு அந்த ஏழு பேருகிட்டயும் கேப்போம்."

"தரலைன்னா?"

"நாளன்னைக்கும் கேப்போம்."

"பூவலிங்கம் அண்ணாச்சி தரவே மாட்டாரு."

"அவருகிட்டதான் மொதல்ல."

அவன் சிரித்துவிட்டான். கதவைச் சாத்துவதற்கு இறங்கிச் சுற்றி வரப்போனான். வேண்டாம் என்றேன். நான் இடது பக்கத்து சீட்டில் இருந்தேன். தலையைத் திருப்பினேன், கதவு இல்லை. இன்னும் திருப்பினேன். இருந்தது. வலது கையை நீட்டிப் பிடித்து நானே சாத்தினேன். சரியாக விழவில்லை. திறந்து, இன்னொரு தடவை ஓங்கிச் சாத்தினேன்.